ஏற்றாத ஏற்றுமதி

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவின் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று அலுவலக வராந்தாவுக்குப் போகும். இன்னொன்று லாரிகள் வந்து நிற்கும் மேடைக்கு நேராகத் திறக்கும். சுமை ஏற்றுகிறவர்கள் தண்ணீர் குடிக்க அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருவார்கள். அறைப் பலகையில் எழுதியிருந்ததை அவர்கள் 'ஏத்துமதி' என்று வாசிப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் ஏற்றினார்கள், நாங்கள் அதற்குக் காகிதம் போட்டோம். மொத்தத் தொழிற்சாலையும் அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்து வைத்திருந்தது. எதையாவது லாரியில் ஏற்றினால் ஏற்றுமதி, ஏற்றாவிட்டால் இல்லை.

சென்ற மாதம் என் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு யாரோ ஒரு வரைபடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டாராம். அதற்கு உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்று இவள் சொல்ல, "படம் அனுப்பறது எப்படிம்மா ஏற்றுமதி ஆகும்?" என்று படம் அனுப்பியவர் சிரித்தாராம். "உங்க காலத்துலயும் இப்படித்தானா மேடம்?" என்றாள். இப்படித்தான். கைப்பேசிக்குப் பதிலாக எங்களுக்குப் பிளக்ஸ் பேனர் வாய்த்தது. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். பில்லும் தட்டினேன், முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரிகளும் தட்டினேன். பிறகு கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் தொழிற்சாலைக்கு வந்தேன். ரசாயன ஆலைகளில் குழாய்களைத் திறந்து மூடுகிற வால்வுகள். எந்தத் துறைமுகத்துக்கு எந்தக் காகிதம், எதில் யார் கையெழுத்து என்பதெல்லாம் ஓரிரு வருடத்தில் படிந்துவிட்டது. மிச்சத்தைக் கற்றது சாகுல் சாரிடம்.

சாகுல் சார் எங்கள் பிரிவின் மேலாளர். பழவேற்காட்டுக்காரர். குடும்பமே வியாபாரம். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில் கடை வைத்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் மாதச் சம்பளத்துக்கு வந்தவர். "வியாபாரி ஊட்ல பொறந்துட்டு, விக்காதேன்னு சொல்ற வேலைக்கு வந்துட்டேன்மா" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர் மூன்று கேள்விகள் கேட்பார். யார் வாங்குகிறார்கள்? எதற்கு? அங்கிருந்து எங்கே போகும்? முதல் இரண்டுக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். மூன்றாவதுக்குப் பதில் வராவிட்டால், காகிதம் அவர் மேஜைமேல் இருக்கும் கண்ணாடி உருண்டைக்குக் கீழே போய்விடும். விற்பனைப் பிரிவில் அந்த உருண்டைக்கு 'ஜெயில்' என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் தன் அறைக்குக் கூப்பிடவும் மாட்டார். ஏதாவது விசாரிக்க வேண்டும் என்றால் எழுந்து, அந்த ஆள் வேலை செய்யும் இடத்துக்கே நடந்து போவார். காரணம் கேட்டேன். "வரச் சொன்னா, வர்ற வழியில பதில் தயார் பண்ணிக்கினு வருவான். நாம போனா, இருக்கறத சொல்லுவான்" என்றார்.

இன்னொரு பழக்கம், எழுதியிருக்கும் எதையும் கடைசி வரி வரை படிப்பது. வடை சுற்றி வந்த தாளைக்கூடப் பிரித்து, எண்ணெய்க் கறையைத் துடைத்துப் படித்துவிட்டுத்தான் கசக்குவார். டீக்கடைக்காரர் இவருக்கு மட்டும் வெள்ளைத் தாளில் வடை சுற்றித் தருவார், சீக்கிரம் இடத்தைக் காலி செய்யட்டும் என்று.

இந்தப் பழக்கம் எங்களை ஒருமுறை காப்பாற்றியது. ஆண்டு காலண்டர் அச்சாகி வந்திருந்தது. முன்னால் வள்ளி தெய்வானையுடன் முருகன், பின்னணியில் மங்கலாக எங்கள் வால்வின் குறுக்குவெட்டு வரைபடம். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அச்சகத்தார் போட்டது. எல்லாரும் முருகனைப் பார்த்தோம். சாகுல் சார் முருகனுக்குப் பின்னால் இருந்த எண்களைப் படித்தார். உள்ளே இருக்கும் உலோக மடிப்பு எவ்வளவு தடிமன், எங்கே எவ்வளவு இடைவெளி என்று அத்தனை அளவும் வேலுக்குப் பக்கத்தில் தெளிவாக இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் போக வேண்டிய காலண்டர் அது. "முருகன் இருக்கட்டும்மா, பின்னாடி இருக்கறது வேணாம்" என்றார். மறுபடி அச்சடித்தோம்.

இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். எங்கள் வால்வுகளில் ஒரு வகை, நிக்கல் கலந்த உலோகத்தில் செய்தது. அதன் உள்ளே ஆர்மோனியப் பெட்டியின் மடிப்பைப் போல ஒரு மெல்லிய உலோக உறை இருக்கும். உள்ளே ஓடும் விஷவாயுவில் ஒரு துளிகூட வெளியே கசியாது. மருந்துத் தொழிற்சாலைக்கும் அது வேண்டும், பூச்சிமருந்து ஆலைக்கும் வேண்டும், ஆளைக் கொல்லும் வாயு தயாரிக்கிறவனுக்கும் அதேதான் வேண்டும். வால்வுக்கு இவன் யார் என்று தெரியாது. அதனால் அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தில்லியில் உரிமம் வாங்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு புதிய சட்டம் வந்தது. பொருள் மட்டுமல்ல, அதைச் செய்யும் முறை, வரைபடம், பயிற்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. சாகுல் சார் அதை ஒவ்வொரு பிரிவுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். படித்தவர் யாரும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்ததோ, மேற்கு ஆசியாவில் ஒரு நாட்டிலிருந்து இந்த வால்வுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. வாங்குகிறவர் யார், தெரிந்தது. எதற்கு, உரத் தொழிற்சாலைக்காம். எந்தத் தொழிற்சாலை, எங்கே இருக்கிறது என்று கேட்டபோது பதில் சுற்றி வளைத்து வந்தது. தில்லியும் அதையே கேட்டது. அவர்களுக்கும் அதே சுற்றுப் பதில்தான். உரிமம் கிடைக்கவில்லை, காகிதம் கண்ணாடி உருண்டைக்குக் கீழே போனது. விஷயம் முடிந்தது என்று நானும் சாகுல் சாரும் நினைத்துவிட்டோம்.

அது முடியவில்லை. அந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் விற்பனை மேலாளர் ராகவன் சாரைத் தனியாகப் பிடித்தார். உங்கள் சட்டத்தை மதிக்கிறோம், வால்வே வேண்டாம், அந்த உறையைப் பற்றவைக்கும் ஆளை மட்டும் சில வாரம் அனுப்புங்கள், எங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார். ராகவன் சார் கெட்டவர் இல்லை. அவர் கணக்கு எளிமையானது. பெட்டி போகவில்லை, லாரி போகவில்லை, எதையும் ஏற்றவில்லை. அப்படியானால் ஏற்றுமதி இல்லை. ஏற்றுமதி இல்லையென்றால் எங்கள் பிரிவுக்கு ஏன் சொல்ல வேண்டும்? சொல்லவில்லை. பயணச்சீட்டும் விசாவும் வேறு பிரிவு வழியாகப் போயின.

அந்த ஆள் முனுசாமி. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் நெல் வயலும் கிணறும் உண்டு, ஆனால் நிலத்தைப் பார்த்துக்கொண்டது அண்ணன். முனுசாமி சின்ன வயதிலேயே அண்ணனோடு மனத்தாங்கலாகி, வெல்டிங் கற்றுக்கொண்டு, புதுவாயலில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள், வாரக் கடைசியில் போய் வருவார். நிலமிருக்கும் வீட்டுப் பிள்ளை கம்பெனியில் கூலி வேலைக்குப் போனதை அண்ணன் மன்னிக்கவே இல்லை. தம்பி தொழிலைப் 'பத்த வைக்கிற வேலை' என்றுதான் சொல்வாராம், ஏதோ ஊருக்குக் கொள்ளி வைக்கிற மாதிரி. எங்கள் தொழிற்சாலையிலோ அந்த உறையை முனுசாமி அளவுக்குப் பற்றவைக்க யாரும் இல்லை.

விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். செங்குன்றத்திலிருந்து புறப்படும் கம்பெனி பஸ்ஸில் நான் வருவேன். பொன்னேரியில் குடியிருந்த சாகுல் சார் தச்சூர் கூட்டுரோட்டில் ஏறிக்கொள்வார். புதுவாயலில் முனுசாமியும் இன்னும் சிலரும் ஏறுவார்கள். அன்று புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கடைக்கு மேலே ஒரு பிளக்ஸ் பேனர் நின்றது. கடைக் கூரையைவிடப் பெரியது. நடுவில் முனுசாமி, கோட்டு சூட்டில். முகம் அவருடையது, உடம்பு யாருடையதோ. பின்னால் விமானம் ஒன்று மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. கையில் எங்கள் வால்வு. பயிற்சிக்கூடச் சுவரில் இருந்த குறுக்குவெட்டுப் படத்தைக் கூட்டாளிகள் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஓரத்தில் வட்ட வட்டமாக நண்பர்கள் முகம். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய வட்டத்தில், முண்டாசுடன் ஒரு முகம், அவர் அண்ணன்.

சாகுல் சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பேனருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று மேலிருந்து கீழே வரை படித்தார், அச்சடித்த கடையின் பெயர் உட்பட. "அயல்நாட்டிற்கு வால்வு தொழில்நுட்பம் கற்பிக்கச் செல்லும் எங்கள் அண்ணன் முனுசாமியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்" என்று இருந்தது. கீழே நாட்டின் பெயர், போகும் தேதி. பஸ்ஸுக்குள் எல்லாரும் சாரே வாழ்த்துகிறார் என்று கைதட்டினார்கள். முனுசாமி வெட்கத்தில் நெளிந்தார்.

சாகுல் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வசந்தாம்மா, உரிமத்துக்கு நாம எழுத வேண்டிய வாசகத்த இவங்க எழுதி ரோட்ல வச்சிருக்காங்க" என்றார்.

தொழிற்சாலையில் இறங்கியதும் நேராக ராகவன் சார் அறைக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

"இது எக்ஸ்போர்ட்டே இல்ல சாகுல்" என்றார் ராகவன் சார். "ஒரு ஆணி கூட வெளிய போகல. ஏத்தினாத்தானே ஏற்றுமதி? என்னத்த ஏத்தினோம், சொல்லுங்க."

"ஏரோப்ளேன்ல ஏத்தப் போறீங்களே சார்."

"ஆள ஏத்தறோம்யா!"

"ஆளுக்குள்ள இருக்கறத?"

 வெல்டிங் உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே, ஐ.டி.ஐ.யிலேயே சொல்லித் தருகிறார்களே என்றார் ராகவன் சார். அது நியாயமான கேள்வி. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க உரிமம் வேண்டாம். பட்டியலில் இருக்கும் பொருளைச் செய்வதற்கென்றே உள்ள அறிவுக்குத்தான் வேண்டும். முனுசாமி எடுத்துப் போவது இதில் எது? "அவர்கிட்டயே கேட்டுடலாம்" என்று சாகுல் சார் எழுந்தார். மூன்று பேரும் பட்டறைக்கு நடந்தோம்.

முனுசாமி முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். "அங்க போய் இன்னா சொல்லித் தருவீங்க முனுசாமி?" என்று கேட்டார் சாகுல் சார். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, முனுசாமி உற்சாகமாக ஆரம்பித்தார். உறையின் விளிம்பை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே சூடு தங்கக் கூடாது, தங்காமல் இருக்க என்ன வைக்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் கையை எடுக்க வேண்டும் என்று செய்துகாட்டியே சொன்னார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். இன்றைக்கும் அது பட்டியலில் இருக்கிறது.

"இதெல்லாம் வுட்டுட்டு, பொதுவா வெல்டிங் மட்டும் சொல்லித்தர முடியுமா?"

"அத இன்னாத்துக்கு சார் நான் போய் சொல்லணும்? அது அவங்களுக்கே தெரியும். இதுக்குத்தான் என்னிய கூப்புட்டுகிறாங்க."

ராகவன் சார் மெல்லத் திரும்பி நடந்தார். சாகுல் சார் அங்கேயே நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த வேலையை வெளிநாட்டில் சொல்லிக்கொடுப்பதும் ஏற்றுமதிதான், தில்லி அனுமதி வேண்டும், அது வரும்வரை போக முடியாது, அனுமதியில்லாமல் போனால் கம்பெனியோடு சேர்த்து அவர் பேரிலும் வழக்கு வரும்.

முனுசாமி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இன்னாக்கா சொல்றாரு? ஏத்துமதிக்கு நான் இன்னா சரக்காக்கா?"

கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

"சூட்டு தச்சிட்டேன். ஊர்ல அல்லாருக்கும் சொல்லியாச்சி. எங்க அண்ணன் போட்டோ அந்த பேனர்ல கீதுக்கா, பாத்தியா? அதுவா வந்து குட்த்தது. எங்க நைனா செத்ததுக்கு அப்பறம் அது எங்கூட பேசினது இதுதான் மொத தபா." முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டார். எதிரே பற்றவைக்க ஒன்றும் இல்லை, சும்மா முகத்தை மூடிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அன்று எனக்கு என் வேலைமேல் வெறுப்பாக இருந்தது. சட்டம் சரி என்று தெரிந்தும் வெறுப்பாக இருந்தது.

பயிற்சிக்கான உரிமம் கேட்டு அன்றைக்கே விண்ணப்பம் தயார் செய்தோம். யார் வேண்டுமானாலும் நினைக்கலாம், மறுக்கப்படும் என்று தெரிந்தே ஏன் அனுப்ப வேண்டும் என்று. சாகுல் சார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்கிற உரிமை முனுசாமிக்கு உண்டு, நாமே இங்கே உட்கார்ந்து இல்லை என்று சொல்லக் கூடாது என்பார். வாங்குகிறவர்களுக்கு அதே மூன்றாவது கேள்வியை எழுதினோம். இந்தப் பயிற்சியில் செய்யப்போகும் வால்வுகள் எந்த ஆலையில் பொருத்தப்படும்? பதில் இல்லை. இன்னொரு முறை எழுதினோம். அவர்களுடைய ஆள் ராகவன் சாரைக் கூப்பிட்டு, ஆள்கூட வேண்டாம், அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்து அனுப்புங்கள் போதும் என்றாராம். இந்தத் தடவை ராகவன் சார் தானே நடந்து எங்கள் அறைக்கு வந்து அதைச் சொன்னார். வந்தது லாரி மேடைப் பக்கக் கதவு வழியாக. "இதுவும் ஏத்தறதுதானே?" என்றார். "இதுவும்தான் சார்" என்றார் சாகுல் சார். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை, தில்லியிலிருந்து உரிமமும் வரவில்லை. அவர்கள் உரம்தான் செய்தார்களா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லிக்கொள்ளவும் எனக்கு ஆசையில்லை.

பேனரில் போட்டிருந்த தேதி வந்தது, போனது. முனுசாமி வாரக் கடைசியில் ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேனரையும் யாரும் இறக்கவில்லை. மழையில் ஒரு மூலை கிழிந்து, விமானத்தின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதற்குக் கீழே நின்றுதான் அவர் பஸ் ஏற வேண்டும். என்னோடு பேசுவதில்லை. வணக்கம் மட்டும் வைப்பார், அதுவும் கண்ணைப் பார்க்காமல்.

ஒருநாள் அவர் மனைவி தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டார். காவலாளி என்னைக் கூப்பிட்டு விட்டான். அந்த அம்மா அழவில்லை, பயந்திருந்தார். "எங்கூட்டுக்காரர போலீஸ் புடிச்சிக்கினு பூட்டாங்களா மேடம்? ஊர்ல அப்டித்தான் பேசிக்கிறாங்க. கம்பெனி சாமான திருடி வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டாராம். ஏர்போர்ட்லயே புடிச்சிட்டாங்களாம். எங்க மச்சாண்டாரு, அதான் அவரு அண்ணன், ரோட்ல தல காட்ட முடிலன்னு ஊட்டுக்குள்ளவே கீறாரு." உள்ளே முனுசாமி வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

சாகுல் சாரிடம் சொன்னேன். சுற்றறிக்கை அனுப்பித் தீரும் விஷயமில்லை என்று அவருக்கும் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் பேசி, என்னையும் முனுசாமியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முனுசாமி வர மாட்டேன் என்றுதான் நின்றார். "நீங்க பேச வேணாம், வழி மட்டும் காட்டுங்க" என்று சொல்லி உட்காரவைத்தார்.

அண்ணன் பெயர் கோவிந்தசாமி. மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். சாகுல் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறி, அவர் இருந்த இடத்துக்கே போனார்.

"வாங்க பாய். இன்னா பண்ணான் இவன்? உள்ளத சொல்லுங்க" என்றார் கோவிந்தசாமி.

"ஒண்ணும் தப்பு பண்ணல. நாங்கதான் கேக்காம அனுப்பப் பாத்தோம்."

"அப்பறம் ஏன் வுடல?"

சாகுல் சார் கொஞ்சம் யோசித்தார். அவர் ஒரு வாக்கியத்தைத் தேடுவதை நான் அன்றுதான் பார்த்தேன். "நாட்ட விட்டு வெளிய போவக் கூடாத பொருள்னு கவர்மெண்ட்ல ஒரு பட்டியல் இருக்குது. தில்லியில கையெழுத்து போட்டாத்தான் போவும். உங்க தம்பி கையில இருக்கற வேல அந்தப் பட்டியல்ல இருக்குது. அவர் போறதும் அது போறதும் ஒண்ணுதான். அதான் நிறுத்திட்டோம்."

கோவிந்தசாமி மண்வெட்டியை ஊன்றினார். "இவன் பத்தவைக்கிறானே, அதுவா?"

"அதேதான்."

"தில்லியில எய்தி வச்சிகிறாங்களா?"

"எழுதி வச்சிருக்காங்க."

கோவிந்தசாமி தம்பியின் கையைப் பார்த்தார். தீப்பொறி பட்டு நிறையத் தழும்பு உள்ள கைகள். "ஊட்ட தாண்டிப் போறீங்களே, மோராவது குடிச்சிட்டுப் போங்க" என்றார் எங்களிடம். பிறகு தம்பியிடம், "நீயும்தான், வாடா" என்றார். வயலிலிருந்து வீடுவரை அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். முனுசாமி அன்று எங்களோடு திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து நேராக வேலைக்கு வந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள், புதுவாயலில் பழைய பேனர் இருந்த இடத்தில் புதிது ஒன்று ஏறியிருந்தது. முன்னதைவிடப் பெரியது. கோவிந்தசாமியே வேன் எடுத்து வந்து கட்டிவிட்டுப் போனாராம். பஸ் திரும்பும்போதே அதில் வால்வு இருக்கிறதா என்று தேடினேன். சாகுல் சார் இந்தத் தடவையும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நானும் இறங்கினேன்.

நடுவில் முனுசாமி, வேட்டி சட்டையில். இந்தத் தடவை உடம்பும் அவருடையதே. பக்கத்தில் அதே அளவுக்கு அண்ணன். மேலே கொட்டை எழுத்தில், "தில்லி கையெழுத்து இல்லாமல் இந்தக் கை நாடு தாண்டாது! ஆர்.கே.பேட்டை வட்டாரத்தின் பெருமை, என் தம்பி முனுசாமிக்கு அண்ணனின் வாழ்த்து" என்று இருந்தது.

சாகுல் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். கிட்டே போய், மூலையில் இருந்த சின்ன எழுத்துகளையும் படித்தார். பின்னணியில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பஸ்ஸுக்குள் யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் இல்ல, அளவு இல்ல, நாட்டுப் பேர் இல்ல" என்றார் கடைசியில். "இருக்கட்டும்மா. இதுக்கு உரிமம் வேணாம்."

டீக்கடைப் பக்கத்தில் முனுசாமி நின்றிருந்தார். நான் அருகில் போனேன். பல வாரங்களுக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்தார். "இப்ப சந்தோசந்தானே முனுசாமி?" என்று கேட்டேன்.

"சந்தோசந்தான்க்கா. அண்ணன் பேசிட்ச்சி, ஊர்ல மரியாத வந்துட்ச்சி. எல்லாம் சரிதான்." பேனரை நிமிர்ந்து பார்த்தார். முன்னதில் விமானம் இருந்தது, இதில் இல்லை. "ஆனா ஒரு தபா ஏரோப்ளேன்ல ஏறிப் பாக்கணும்னு இருந்தேன்க்கா" என்றார்.

பிறகு பஸ்ஸில் ஏறி, பின்னால் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.